மைதானத்தில் பிள்ளைகள் காட்டும் நல்ல மனசு: மலையகத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இல்ல விளையாட்டுப் போட்டி, கோட்டமட்டம், வலயமட்டம் என்று வருசம் தொடங்கிவிட்டால் மைதானத்து ஓரத்திலேயே கிடக்கிற ஆள் நான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட அம்மா அப்பாமாருக்குப் பதில் சொல்வதில்தான் அதிக நேரம் போகிறது. ஹட்டனில் கேட்டதையே பண்டாரவளையிலும் கேட்கிறார்கள், அதனால் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எல்லாவற்றையும் இங்கே போட்டுவிட்டேன். மெய்வல்லுநர் சட்டம் வரும் இடங்களில் அதற்கான உலக அமைப்பான வேர்ல்ட் அத்லெட்டிக்ஸின் விதிகளைத்தான் சொல்லியிருக்கிறேன். பாடசாலைப் போட்டிகளுக்கென்று தனியாக ஏதாவது அறிவுறுத்தல் வந்திருக்கிறதா என்பதை உங்கள் பீ.டி. சேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டின்னா போட்டிதானே, அதுல அன்பு பாசத்துக்கு என்ன வேலை?

துப்பாக்கி வெடித்ததிலிருந்து கோட்டைத் தாண்டும்வரை பெரிதாக வேலை இல்லைதான். அந்த நேரத்தில் முழு மூச்சாக ஓட வேண்டும், யாருக்கும் தள்ளுபடி கிடையாது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீற்றர் ஓடுகிற பிள்ளை தகுதிகாண், அரையிறுதி, இறுதி மூன்றையும் ஓடினாலும் மொத்தம் ஒரு நிமிசம்கூட வராது. மிச்சமுள்ள பகல் முழுக்க அது மைதானத்து மேட்டில், பனியிலும் தூறலிலும், தன்னை வெல்லப் போகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒருத்தி முதுகில் இன்னொருத்தி இலக்கத் துணியை ஊசி குத்தி விடுவது, பிடிப்பு வந்த காலை நீவி விடுவது, நடுங்குகிற பிள்ளைக்குத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுப்பது, இதெல்லாம் நடப்பது அந்த மேட்டில்தான். பெற்றோர் நிறையப் பேர் ஓட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

என் மகன் ஜெயிக்கலன்னாலும் நான் பெருமைப்படலாமா? லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?

சிரிப்பவர்கள் சிரிப்பார்கள், இரண்டு நாளில் வேறு கதை கிடைத்துவிடும். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டெரெக் ரெட்மண்ட் 400 மீற்றர் அரையிறுதியில் ஓடும்போது தொடைத் தசை கிழிந்து நின்றுவிட்டார். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போனவரைப் பார்வையாளர் பக்கமிருந்து பாதுகாவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த அப்பா ஜிம் தோளில் தாங்கிக் கோடு வரைக்கும் கூட்டிப் போனார். அந்த ஓட்டம் முடிவுப் பட்டியலில் கணக்கில் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அரையிறுதியில் முதலாவதாக வந்தவர் யார் என்று கேட்டால் விளையாட்டுப் பைத்தியங்களே யோசிப்பார்கள், அப்பாவும் மகனும் எல்லோருக்கும் ஞாபகம்.

இதைச் சொன்னேன் என்பதற்காக யாரும் ட்ரக்குக்குள் ஓடிவர வேண்டாம். வெளியாள் உள்ளே வந்து உதவி செய்தால் பிள்ளையின் ஓட்டம் செல்லாமல் போய்விடும்.

பக்கத்துல ஓடுற பிள்ளை விழுந்துட்டா, நின்னு தூக்கினா நம்ம பிள்ளையை டிஸ்குவாலிபை பண்ணிடுவாங்களா?

நம் பக்கத்துப் புல் மைதானங்கள் காலையில் எப்போதும் ஈரம், வளைவில் சறுக்கி விழாத வருசமே இல்லை, அதனால் இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. விழுந்த பிள்ளையைக் கைகொடுத்து எழுப்பி நிறுத்தலாம், அதற்குத் தகுதிநீக்கம் இல்லை. எழுப்பிய பிறகு தோளில் கைபோட்டு முன்னால் இழுத்துக்கொண்டு போவதுதான் விதிப்படி உதவி பெறுவதாகிறது. அந்த மாதிரி உதவி பெற்றவரை நீக்கலாம்.

2019இல் டோஹா உலகப் போட்டியில் நடந்ததே நல்ல உதாரணம். 5000 மீற்றர் தகுதிகாண் ஓட்டத்தில் அரூபா நாட்டு ஜொனதன் பஸ்பி கடைசிச் சுற்றில் நிற்கவே முடியாமல் தள்ளாடினார், கினி பிசாவ் நாட்டு பிரைமா சுங்கார் டாபோ அவரைத் தாங்கிப் பிடித்துக் கோடு வரை கொண்டுவந்தார். பஸ்பி தகுதிநீக்கம், டாபோவின் நேரம் பதிவானது, பிறகு நேர்மை விளையாட்டுக்கான விருதும் அவருக்குக் கிடைத்தது. 2016 ரியோவில் பெண்கள் 5000 மீற்றரில் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளினும் அமெரிக்காவின் ஆபி டி'அகோஸ்டினோவும் மோதி விழுந்து, ஒருவரை ஒருவர் எழுப்பி, இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். நடுவர்கள் இரண்டு பேரையும் இறுதிப் போட்டிக்கு அனுப்பினார்கள், ஆபிக்குத்தான் முழங்கால் காயத்தால் அதில் ஓட முடியவில்லை.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்தான்: எழுப்பு, ஆபீசரைக் கைகாட்டிக் கூப்பிடு, அப்புறம் ஓடு. விழுந்த பிள்ளைக்குத் தலையில் அடிபட்ட மாதிரியோ மூச்சு வராத மாதிரியோ இருந்தால் ஓட வேண்டாம், பக்கத்திலேயே நில்.

அப்ப ரிலேயில வேற ஸ்கூல் பிள்ளையோட கோல் விழுந்தா எடுத்துக் கொடுக்கலாந்தானே?

கூடவே கூடாது. நல்ல மனசோடு செய்தாலும் மாட்டிக்கொள்வது நம் டீம்தான். அஞ்சலோட்டத்தில் இன்னொரு அணியின் கோலைக் கையில் எடுத்தாலே எடுத்தவரின் அணி நீக்கப்படும். கோலை யார் தவறவிட்டாரோ அவரேதான் எடுக்க வேண்டும், எடுக்கும்போது தூரத்தைக் குறைத்துக்கொள்ளாமலும் மற்றவரை மறிக்காமலும் இருந்தால் அந்த அணி தொடர்ந்து ஓடலாம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோல் உருண்டு நம் பாதைக்கு வந்தால் அதை உதைத்துவிடாமல் தாண்டிப் போகலாம். ஓடி முடித்த பிள்ளை தன் பாதையிலேயே நின்று, மற்ற அணிகள் போன பிறகு வெளியே வரலாம். இதுவும் நல்ல குணம்தான், யாரும் கைதட்ட மாட்டார்கள் அவ்வளவுதான்.

மகள் தன்னோட ஸ்பைக்ஸ் சப்பாத்தைக் கழற்றி எதிர்த்து ஓடுற பிள்ளைக்கே கொடுத்துட்டா. கடன்பட்டு வாங்கினது நான்தானே?

உங்கள் கோபம் நியாயமானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு சோடி ஸ்பைக்ஸ் வாங்க எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டும். ஆனால் அவள் செய்ததையும் பாருங்கள். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் இன்னும் நம் போட்டிகளில் வருகிறார்கள், வழுக்குகிற ட்ரக்கில் அவர்களுக்கும் ஸ்பைக்ஸ் போட்டவர்களுக்கும் உள்ள வித்தியாசம் தெம்பில் இல்லை, காசில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தோடு ஜெயிக்க உங்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை.

1964 இன்ஸ்புரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் இத்தாலியின் யூஜினியோ மொன்டி இதைத்தான் செய்தார். பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் பிரிட்டன்காரர்களின் வண்டியில் ஒரு போல்ட் உடைந்து போக, தன் வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். டோனி நாஷும் ரொபின் டிக்சனும் தங்கம் எடுத்தார்கள், மொன்டிக்கு வெண்கலம். நான்கு வருசம் கழித்து கிரனோபிளில் அவரே இரண்டு தங்கம் எடுத்தார் என்பது வேறு கதை.

நடைமுறையில் சில ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். இரவல் கொடுப்பது வேறு வயதுப் பிரிவு அல்லது வேறு ஹீட் பிள்ளைக்கு, தன் ஓட்டம் முடிந்த பிறகு. அளவு சரியில்லாத ஸ்பைக்ஸைக் கொடுப்பது உதவி இல்லை, கணுக்கால் பிசகிவிடும். சொக்ஸ் மட்டும் அவரவருடையது. பெரிய பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சப்பாத்துகளைப் பாடசாலையில் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தால் இந்தத் தலைவலியே பாதி குறையும், சில பாடசாலைகளில் பழைய மாணவர்கள் அதைச் செய்கிறார்கள்.

பாவம் அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்ல, "நீ இந்தத் தடவை விட்டுக்கொடு"ன்னு மகள்கிட்ட சொன்னேன். அதுவும் நல்லதுதானே?

இல்லை அக்கா. இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. அந்தப் பிள்ளை ஒருநாள் உண்மையைத் தெரிந்துகொள்ளும், அன்றைக்கு அது வாங்கிய பதக்கத்தைப் பார்க்கவே அதற்குப் பிடிக்காது. உங்கள் மகளும் ஏமாற்றுவதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தால் போதும் என்று கற்றுக்கொள்வாள். முழு வேகத்தில் ஓடித் தோற்கடிப்பதும் ஒரு மரியாதைதான். ஓடி முடித்த பிறகு தண்ணீர் கொடு, கூட உட்கார், உன் அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியில் பாதியைக் கொடு.

கேட்டவர்கள் ஸ்பெயின் கதையைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். 2012 டிசம்பரில் புர்லாடா என்ற ஊரில் நடந்த, மேடு பள்ளமெல்லாம் ஓடும் நாடோட்டத்தில் கென்யாவின் ஆபெல் முத்தாய் முன்னணியில் வந்து, கோடு தாண்டிவிட்டதாக நினைத்துக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த இவான் பெர்னாண்டஸ் அனாயா அவரை முந்தாமல், கைகாட்டி, கோடு அங்கே இருக்கிறது என்று அனுப்பி வைத்தார். அவர் தன் வெற்றியை விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு வேகமாக ஓடியவர் முத்தாய், அடுத்தவரின் தவறால் வருகிற முதலிடம் அனாயாவுக்கு வேண்டாம். உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னது நேர் எதிரானது.

நம் கண்டி முரளிதரனுக்கு நடந்ததையும் யோசித்துப் பாருங்கள். 2002 ஜனவரியில் அஸ்கிரியவில் சிம்பாப்வேக்கு எதிரான டெஸ்ட் கிரிக்கெட்டில் முதல் நாளே 9 விக்கட் எடுத்துவிட்டார், டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் பத்தும் எடுத்தவர்கள் அப்போது உலகத்திலேயே ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளே என்று இரண்டே பேர். மறுநாள் காலையில் அவர் பந்தில் ஒரு பிடி நழுவியது, பிறகு மறுமுனையில் வாஸ் போட்ட பந்தில் ஒலோங்கா விக்கட் காப்பாளரிடம் பிடிகொடுத்தார். சத்தமாக முறையிடவே ஒருவருக்கும் மனம் வரவில்லை, ஆனால் நடுவர் விரலை உயர்த்திவிட்டார். தோழனுக்காக ஆசைப்படலாம், ஆட்டம் ஆட்டமாக நடக்கத்தான் வேண்டும்.

உயரம் பாய்தல்ல ரெண்டு பிள்ளையும் சமமா வந்தா பகிர்ந்துக்கலாமா, டோக்கியோவுல மாதிரி?

விதி இடம் கொடுக்கிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாரின் முதாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 மீற்றர் வரை ஒரு தடவைகூடத் தவறாமல் பாய்ந்தார்கள், 2.39இல் இருவருக்கும் மூன்று முயற்சியும் தவறியது. மேலதிகமாகப் பாய்ந்து தீர்க்கலாம், வேண்டாம் என்றால் முதலிடம் இருவருக்கும், அவர்கள் வேண்டாம் என்றார்கள். இது மேலே சொன்ன விட்டுக்கொடுத்தல் இல்லை, இரண்டு பேரும் முடிந்தவரை பாய்ந்து முடித்த பிறகு எடுத்த முடிவு.

பாடசாலைப் போட்டியில் அடுத்த மட்டத்துக்கு எத்தனை பேர் போகலாம் என்ற சிக்கல் வரும், அதனால் நடுவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முடிவு பிள்ளைகளுடையது, அப்பாமார் ஓரத்திலிருந்து தலையை ஆட்டக் கூடாது.

பந்து மட்டையில பட்டுத்தான் கீப்பர் பிடிச்சார், அம்பயர் பார்க்கல. மகன் தானாவே வெளிய வந்துட்டான், டீம் பொடியன்மார் திட்டுறாங்க. யார் சரி?

சட்டப்படி அவன் நின்றிருக்கலாம், தீர்ப்புச் சொல்வது நடுவர் வேலை. அவன் போனதும் தவறில்லை. 2003 உலகக் கிண்ண அரையிறுதி, போர்ட் எலிசபெத்தில், அதுவும் நமக்கு எதிராகவே, அரவிந்த டி சில்வாவின் பந்தில் அடம் கில்கிறிஸ்ட் நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்காதபோதும் தானே நடந்து போனார். அவர் போயும் அவுஸ்திரேலியா ஜெயித்துவிட்டது, நமக்கு அந்த நேர்மையால் ஒரு பிரயோசனமும் வரவில்லை என்பது வயிற்றெரிச்சல்தான்.

டீம் பொடியன்மாரின் கோபத்தை இரண்டு நாள் விடுங்கள். மகனிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: தான் நடந்து போகிறான் என்பதற்காக, நின்றுவிட்ட இன்னொருவனைக் கள்ளன் என்று சொல்லக் கூடாது.

சிங்கள ஸ்கூல் பிள்ளைங்களோட நல்லாப் பழகுறான். பாஷை சரியா வராதே, ஏதும் பிரச்சினை வருமா?

வராது. வலயமட்டத்துக்கும் மாகாணமட்டத்துக்கும் போனால் எல்லா மொழிப் பிள்ளைகளும் ஒரே மேட்டில்தான் உட்காருவார்கள், பிஸ்கட் பாக்கெட் கைமாற மொழி தேவைப்படுவதில்லை. பெற்றோர்தான் தனித்தனிக் குடைக்குள் நிற்கிறார்கள். முடிந்தால் அந்தப் பையனின் அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ நீட்டிப் பாருங்கள்.

மகள் உதவி செஞ்ச போட்டோ இருக்கு, பேஸ்புக்குல போடலாமா? பெருமையா இருக்கே.

உங்கள் மகளின் படம் உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் படத்தில் இன்னொரு பிள்ளை இருக்கிறது, விழுந்து முழங்கால் தேய்ந்தோ, இரவல் சப்பாத்துப் போட்டோ, அழுதுகொண்டோ. ஊர் முழுக்க அதைப் பகிரும்போது உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது லைக், அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது வகுப்பில் கேலி. அதன் அம்மாவிடம் கேட்காமல் போடாதீர்கள், கேட்கத் தயக்கமாக இருந்தால் அதுவே பதில்.

வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் ஆச்சிக்கும் மாமாவுக்கும் எழுத்தில் சொல்லலாமே, படம் எதற்கு? இன்னொன்று, ஒரு தடவை படம் போட்டுப் பாராட்டு வாங்கிவிட்டால் அடுத்த தடவை பிள்ளை கெமரா எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கைகொடுக்கும். அப்படித் திரும்பிப் பார்க்கிற பிள்ளைகள் இப்போதே மைதானத்தில் இருக்கிறார்கள்.

அப்ப எப்படித்தான் பாராட்டுறது? ஏதும் வாங்கிக் கொடுக்கவா?

வாங்கிக் கொடுக்க வேண்டாம், பதக்கத்துக்கு வேண்டுமானால் வாங்கிக் கொடுங்கள். "நீ ரொம்ப நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வதும் பிள்ளையின் காதில் ஏறாது. பார்த்ததைச் சொல்லுங்கள்: "அந்தப் பிள்ளை கடைசியா வரும்போது நீ கோட்டுக்கிட்டேயே நின்னு கைதட்டினியே, நான் பார்த்தேன்." அதோடு விட்டுவிடுங்கள். பிள்ளை ஒன்றுமில்லாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் மறக்காது.

நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகணும், ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு வந்தா அன்னைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்ல. பார்க்காம எப்படிப் பாராட்ட?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் அம்மாமார்தான், கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது. வர முடியாதது உங்கள் குற்றமில்லை, அரை நாள் பேர்கூடப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிள்ளைகளே "வர வேணாம்மா" என்று சொல்லிவிடுகிறார்கள்.

சாயங்காலம் வந்ததும் கேட்கிற முதல் கேள்வியை மாற்றிப் பாருங்கள். "எத்தனையாவது வந்த?" என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும், அதைக் கேட்க வேண்டியதில்லை. "யார் கூட உட்கார்ந்திருந்த, யாராச்சும் விழுந்தாங்களா, யார் தண்ணி குடுத்தா?" என்று கேளுங்கள். கதை தானாக வரும், உங்கள் பிள்ளை செய்ததும் அதில் எங்கேயாவது ஒரு மூலையில் வரும், உங்கள் பிள்ளைக்கு இன்னொருத்தி செய்ததும் வரும். அந்த இன்னொருத்தியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவள் அம்மாவைத் தேர்த் திருவிழாவிலோ டவுன் பஸ்ஸிலோ பார்த்தால் சொல்லுங்கள். தன் பிள்ளையைப் பற்றி அந்நியர் ஒருவர் நல்லது சொல்லிக் கேட்பது போல ஒரு சந்தோசம் அந்த அம்மாவுக்கு வேறு எதுவும் தராது.

உதவி செஞ்சோம், அந்தப் பிள்ளையோட அப்பா ஒரு நன்றிகூடச் சொல்லல.

வெட்கமாக இருந்திருக்கும். விடுங்கண்ணே.

என் மகனை எல்லாரும் ஏமாளி ஆக்கிட்டாங்க. எல்லார் பேக்கும் அவன் தோள்லதான், அவன் போத்தல் எப்பவும் காலி.

இது நல்ல குணத்தின் விசயம் இல்லை, வேறு விசயம். உதவி என்பது போய் வரும், ஒரு பக்கம் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் பிள்ளை பயத்தில் செய்கிறது என்று அர்த்தம், டீமில் இடம் போய்விடும் என்ற பயம், அல்லது பெரிய வகுப்புப் பொடியன்மாரின் பயம். "முடியாது" என்று சொல்ல அவனுக்கு வீட்டிலிருந்து அனுமதி தேவை, சில பிள்ளைகளுக்கு அதை வாயால் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் நடந்தால் பீ.டி. சேரிடம் நேரே பேசுங்கள், மைதானத்தில் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதட்டாதீர்கள்.

ஒரு சோதனை இருக்கிறது. உதவி செய்துவிட்டு வரும் பிள்ளை அதைப் பற்றிக் கலகலப்பாகப் பேசினால் பயமில்லை. கேட்டால் பேச்சை மாற்றினால் கவனியுங்கள்.

பிள்ளைங்க சமாதானமாத்தான் இருக்காங்க, நாங்கதான் ஓரத்துல சண்டை போடுறோம். அதுக்கு என்ன பண்றது?

நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. தூரம் போய் நில்லுங்கள், அவ்வளவுதான். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு எல்லா நடுவரும் கள்ளனாகத்தான் தெரிவார். ஆட்சேபணை இருந்தால் பாடசாலை சார்பில் ஆசிரியர் எழுத்தில் கொடுக்க வழி இருக்கிறது, அதற்கு நேர எல்லையும் உண்டு, நீங்கள் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த நேரம்தான் ஓடிப் போகிறது.

மற்றப் பிள்ளைங்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டி விடலாமா?

தாராளமாக, ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் ரொட்டியும் கட்டசம்பலும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு 800 மீற்றரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு மீட்டிலும் பார்க்கிறேன். முன்னால் வாழைப்பழம், பின்னால் சாப்பாடு. கடலை சேர்த்த எதையும் கேட்காமல் மற்றப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மழைக்காலம் என்றால் கொஞ்சம் உப்பும் பொட்டலம் கட்டி வையுங்கள், அட்டைக் கடி எல்லா இல்லத்துப் பிள்ளைக்கும் ஒன்றுதான்.